72 மணித்தியாலமும் எங்கள் ஊர் வெட்கமும்



கொஞ்சம் நீளமான பதிவு. பேசக் கூச்சமான விடயமும்கூட. ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை நாய் கடித்துவிட்டால் என்ன நடக்கும்? காத்தான்குடியாக இருந்தாலும் சரி, ஏறாவூராக இருந்தாலும் சரி, ஓட்டமாவடியாக இருந்தாலும் சரி, நடப்பது ஒன்றுதான். உம்மா சவர்க்காரம் போட்டுக் காயத்தைக் கழுவுவா. வாப்பா வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டு நானா ஆட்டோவை எடுப்பார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும். அந்த ஒழுங்கையால் ஏன் போனாய், நாய்க்கு ஏன் கல்லெறிந்தாய் என்ற விசாரணையெல்லாம் ஊசி போட்ட பிறகுதான்.

விசர்நாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம், ஆனால் கடித்தவுடன் போனால் தடுத்துவிடலாம் என்பது எழுத வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் தெரியும். 1885ஆம் ஆண்டு பிரான்சில் லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி ஏற்றினார். பிள்ளை தப்பியது. அன்று ஒரு பரிசோதனைக்கூடத்துக்குள் இருந்த அறிவு இன்று மட்டக்களப்பு வாவிக்கரையின் கடைசி வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எச்.ஐ.வி.க்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. அது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகப்படக்கூடிய ஒரு சம்பவம் நடந்தால், 72 மணித்தியாலத்துக்குள், அதாவது மூன்று நாளைக்குள், குளிசையை ஆரம்பித்து 28 நாளும் விடாமல் குடித்தால், தொற்று ஏற்படாமல் தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதைச் சுருக்கமாக 'பெப்' என்பார்கள். சம்பவத்துக்குப் பிந்திய தடுப்பு மருந்து என்று நாம் சொல்லலாம். மூன்று நாள் என்பது கடைசி எல்லை. முதல் சில மணித்தியாலங்களுக்குள் ஆரம்பிப்பதுதான் மிக நல்லது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த மூன்று நாளையும் எங்கள் ஊர்களில் வெட்கம் தின்றுவிடுகிறது. மருந்து இருக்கிறது, சிகிச்சை நிலையம் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார். "யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள்" என்று யோசித்து முடிக்கும்போது நேரம் முடிந்துவிடும். ஆகவே இந்தத் தகவல் நாய்க்கடி ஊசி போல ஊருக்கே தெரிந்த சாதாரண விடயமாக மாற வேண்டும்.

முதலில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

விவசாயம் செய்கிறவர்களுக்கு நண்டு வளை தெரியும். வயல் வரம்பில் நண்டு சின்னதாக ஓர் ஓட்டை போடும். கண்டவுடன் ஒரு கை மண்ணை வைத்து மிதித்தால் வேலை முடிந்தது. மூன்று நாள் விட்டால் வரம்பே உடைந்து போகும். எச்.ஐ.வி.யும் உடலுக்குள் வந்தவுடனே எல்லா இடத்துக்கும் பரவுவதில்லை. முதலில் நுழைந்த இடத்தில் உள்ள சில கலங்களைப் பிடிக்கிறது. பிறகு நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ப் பெருகுகிறது. தான் பிடித்த கலத்தின் மரபணுவுக்குள் தன்னுடையதையும் எழுதிவிடுகிறது. அது உடலில் நிலைகொண்ட பிறகு இன்றைய மருந்துகளால் அதை அடக்கி வைக்கலாம், முழுதாகத் துடைத்தெடுக்க முடியாது. நிலைகொள்வதற்கு முன் இருக்கும் அந்தச் சில மணித்தியாலங்களில் அது பெருகும் வழியை மறிப்பதுதான் 'பெப்' மருந்தின் வேலை.

இது வெறும் நம்பிக்கையில் சொல்லும் கதை இல்லை. 1998இல் வெளியான ஆய்வொன்றில், குரங்குகளுக்கு வரும் இதே வகைக் கிருமியை அவற்றின் உடலில் செலுத்திவிட்டு டெனோபோவிர் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 24 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் கொடுத்த குரங்குகள் எல்லாம் தப்பின. 48, 72 மணித்தியாலம் தாமதித்தபோது பாதுகாப்புக் குறைந்தது. மருந்து கொடுத்த நாட்களைக் குறைத்தபோதும் குறைந்தது. 28 நாள் என்ற கணக்கும், சீக்கிரம் ஆரம்பி என்ற அவசரமும் இப்படிப்பட்ட ஆய்வுகளின் பலத்தில்தான் நிற்கின்றன.

மனிதர்களைப் பொறுத்தவரை, அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியா முதலிய நாடுகளில் தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்திய சுகாதார ஊழியர்களைப் பற்றிய ஆய்வு 1997இல் வெளிவந்தது. பிறகு உடனே சிடோவுடின் என்ற ஒரேயொரு பழைய மருந்தை எடுத்தவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 81 வீதம் குறைந்திருந்தது. இன்று கொடுப்பது அதைவிட நல்ல மருந்துகள். டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்தைப் பல நாடுகளில் பாவிக்கிறார்கள். நாளைக்கு ஒரு தடவை குடித்தால் போதும். சிலருக்கு வயிற்றுப் பிரட்டு, தலையிடி, களைப்பு வரலாம். பெரும்பாலும் தாங்கக்கூடியவைதான். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எதுவும் செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மிகப் பெரியது.

சரி, இது யாருக்குத் தேவைப்படும்? இந்தக் கேள்வி வந்தவுடன் எங்கள் மனம் 'கெட்டுப்போன ஆட்கள்' என்ற ஓர் இடத்துக்கு ஓடிவிடுகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள். இன்று எங்கள் ஊர்களில் தாதியாக, ஆய்வுகூட உத்தியோகத்தராக, சிற்றூழியராக வேலை செய்யாத குடும்பம் குறைவு. இரவுக் கடமையில் அவசரத்தில் ஊசி கையில் குத்திவிடும். குப்பைப் பையைத் தூக்கும் தொழிலாளிக்கும் குத்தும். தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்குச் சுமார் மூன்று. சிறிய எண்தான். ஆனால் அந்த மூன்றில் ஒன்று எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அது எங்களுக்குச் சிறிய எண் அல்ல. மேலதிகாரி ஏசுவார் என்று பயந்து ஊசி குத்தியதை மறைக்கிற ஊழியர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மறைக்க வேண்டாம் என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாவது, வன்புணர்வுக்கு ஆளான பெண், சிறுமி, சிறுவன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் எங்கள் ஊர்களிலும் நடக்கிறது. நடந்தவுடன் குடும்பம் என்ன செய்கிறது? கதவைப் பூட்டுகிறது. பெரியவர்களைக் கூப்பிடுகிறது. பொலிசுக்குப் போவதா, பள்ளிவாயல் நிர்வாகத்திடம் சொல்வதா, பேசாமல் விடுவதா என்று இரண்டு மூன்று நாள் பேச்சு நடக்கிறது. அந்த இரண்டு மூன்று நாள்தான் அந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டிய நாட்கள். எச்.ஐ.வி. மட்டுமல்ல, செங்கண்மாரியில் ஒரு வகையான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வேறு பாலியல் நோய்களுக்கான மருந்து, கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் நேரம் முக்கியம். குடும்பத்தின் மானத்தைப் பற்றிய பேச்சை நான்காவது நாளும் பேசலாம். இந்த மருந்தை நான்காவது நாள் ஆரம்பித்துப் பிரயோசனம் இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டில் உழைக்கப் போன எங்கள் சகோதரர்களும் அவர்களுடைய மனைவிமாரும். கட்டார், சவூதி, துபாய் என்று வருடக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து இருக்கிறார்கள். யாராவது ஒருவர் ஒரு நாள் தவறி நடந்துவிட்டால், அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படுவார். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் வளைகுடா நாடுகள் பலவற்றில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது காம்கா மெடிக்கல் எடுத்த எல்லோருக்கும் தெரியும். அவர் மறைப்பார். லீவில் வருவார். தன் வீட்டை விட்டு வேறொன்றும் அறியாத மனைவிக்கு அது வந்துசேரும். இந்த இடத்தில் நாங்கள் கணவனின் பாவத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் மனைவியின் இரத்தத்தில் உள்ளதை அது மாற்றப் போவதில்லை.

நான்காவது, வேறு வகையில் தவறிப் போன இளைஞர்கள். அவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். எங்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்து படித்தவர்கள்தான்.

"எங்கட ஊர்ல இதெல்லாம் இல்ல" என்று சிலர் சொல்வார்கள். 1986இல் சென்னையிலும் இதைத்தான் சொன்னார்கள். அது அமெரிக்காக்காரனுக்கு வரும் நோய், கட்டுப்பாடான எங்கள் நகரத்துக்கு வராது என்று நம்பினார்கள். வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இரத்தம் சேகரித்து வேலூரில் பரிசோதித்தபோது ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். அடுத்த வருடமே, 1987இல், இலங்கையர் ஒருவருக்குத் தொற்று இருப்பது முதல் தடவையாகப் பதிவானது. கிருமி மதத்தையும் பார்ப்பதில்லை, மாவட்டத்தையும் பார்ப்பதில்லை. படுவான்கரை, எழுவான்கரை என்ற வித்தியாசமும் அதற்குத் தெரியாது.

இப்போது, சம்பவம் ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறோம். இந்தப் பகுதியை மட்டுமாவது தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. ஊசி குத்தினால் அல்லது காயத்தில் இரத்தம் பட்டால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம். காரமான இரசாயனம் எதையும் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

இரண்டு. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 72 மணித்தியாலம் அந்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

மூன்று. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. அரச சிகிச்சை நிலையங்களில் சேவை இலவசம். வேறு வைத்தியரிடமிருந்து கடிதம் கொண்டு போகத் தேவையில்லை. உங்கள் விபரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.

நான்கு. கிளினிக் மூடியிருக்கும் நேரமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். வியாழக்கிழமை இரவு ஒன்று நடக்கிறது என்று வையுங்கள். வெள்ளி ஜும்ஆவோடு போய்விடும். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை போகலாம் என்று நினைத்தால் 72 மணித்தியாலம் ஞாயிறு இரவோடு முடிந்திருக்கும். போயா விடுமுறையும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. ஆகவே இரவானாலும் விடுமுறையானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கடமையில் இருக்கும் வைத்தியரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். "எச்.ஐ.வி. பெப் மருந்து பற்றிக் கேட்க வந்தேன்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும்.

ஐந்து. வன்புணர்வு என்றால், முடியுமானவரை குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல் போவது பிறகு வழக்குக்கு உதவும். குளித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, போங்கள். முதலில் சிகிச்சை. பல அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்று பெண்களுக்கான ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகள் தொடர்பாக 1929, பெண்கள் தொடர்பாக 1938 என்ற இலக்கங்களுக்கு அழைக்கலாம். போக வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

ஆறு. மருந்து தேவையா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். கடற்கரையில் கிடந்த பழைய ஊசி பிள்ளையின் காலில் குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அப்படியென்றாலும் ஏற்பு ஊசிக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். நீங்களாக பாமசியில் வாங்கிக் குடிப்பதோ, வேறொருவருடைய மருந்தில் பங்கு எடுப்பதோ வேண்டாம். சிறுநீரக வருத்தம் இருந்தால், வேறு மருந்து எடுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஏழு. 28 நாளும் முடியுங்கள். சுகமாக இருக்கிறது என்று பத்தாவது நாள் நிறுத்தினால் பாதுகாப்பும் அங்கேயே நின்றுவிடும். நோன்பு காலமாக இருந்தால், நாளைக்கு ஒரு தடவை குடிக்கும் மருந்தை ஸஹரிலோ இப்தாரிலோ எடுக்கலாம். முதல் குளிசைக்கு மட்டும் மஃரிப் வரை காத்திருக்க வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் உள்ள சலுகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு வைத்தியர் சொல்லும் நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது முடியும் வரை கணவனோ மனைவியோ ஆபத்தில் விழாமல் பாதுகாப்பாக இருப்பதும், இரத்ததானம் செய்யாமல் இருப்பதும் கடமை.

இதெல்லாம் லேசான காரியங்கள்தான். ஆனாலும் ஏன் நடப்பதில்லை? பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

2016இல் குளியாப்பிட்டியில் நடந்ததை ஆசிரியர்களாகிய எங்களால் மறக்க முடியாது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றின் குடும்பத்தில் எயிட்ஸ் என்று ஒரு கதை பரவியது. பிள்ளையைச் சேர்க்கப் பாடசாலைகள் மறுத்தன. சேர்த்தால் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று பெற்றோர்கள் நின்றார்கள். பிள்ளைக்குத் தொற்று இல்லை என்ற வைத்திய அறிக்கையும் அவர்களை மாற்றவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி முன்வந்து இடம் கொடுத்தது. தொற்றே இல்லாத ஒரு பிள்ளைக்கு இந்த நிலை. இதைச் செய்தியில் பார்த்த ஒருவர், தனக்கு ஒன்று நடந்தால் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவாரா? ஊர் ஒரு பிள்ளையைத் துரத்தும்போது, உதவி தேடிப் போகக்கூடிய நூறு பேரையும் சேர்த்தே துரத்துகிறது.

எச்.ஐ.வி. ஸலாம் கொடுப்பதால் வராது. ஒரே சஹனில் சாப்பிடுவதால் வராது. ஹவுளில் ஒளு செய்வதால் வராது. நுளம்பு கடித்து வராது. ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிப்பதால் வராது. தொற்று இருப்பவர் ஒழுங்காக மருந்து குடித்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவு மூலம்கூட அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பது இன்று நிறுவப்பட்ட விடயம். இலங்கையில் அந்த மருந்தும் அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஆகவே மூன்று நாள் தவறிவிட்டது என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அப்போதும் போய்ப் பரிசோதிக்க வேண்டும்.

வெட்கத்தை வெல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 டிசம்பரில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. எப்படி முடிந்தது? கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போகிறார்கள். மற்றப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி.க்கும் சேர்த்து இரத்தம் எடுக்கிறார்கள். எங்கள் ராத்தாமாரும் தங்கச்சிமாரும் அதைச் செய்திருக்கிறார்கள். "உனக்கு ஏன் இந்தப் பரிசோதனை?" என்று மாமியார்கூடக் கேட்பதில்லை. எல்லோருக்கும் எடுப்பதால் அதில் வெட்கம் இல்லாமல் போய்விட்டது. தொற்றுள்ள தாய்க்கு மருந்து கொடுக்கிறார்கள், பிறந்த பிள்ளைக்கும் சில கிழமைகள் மருந்து கொடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் குழந்தைக்குக் கொடுப்பதும் ஒரு வகையில் 'பெப்' மருந்துதான். பச்சைக் குழந்தைக்கு ஏற்றுக்கொண்ட அதே விடயத்தை, தாதிக்கும், வன்புணர்வுக்கு ஆளான பிள்ளைக்கும், தவறிப் போன இளைஞனுக்கும் ஏன் ஏற்றுக்கொள்ளக் கூடாது?

ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இதைப் பகிரங்கமாகச் சொன்னால் பிள்ளையள் பயமில்லாமக் கெட்டுப்போகாதா?" என்று. நியாயமான கவலைதான், தட்டிக் கழிக்க முடியாது. எங்கள் பதில் இதுதான். ஹராமை ஹராம் என்று சொல்வதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டிலும் பள்ளிவாயலிலும் பாடசாலையிலும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்போம். ஆனால் 28 நாள் மருந்து, வயிற்றுப் பிரட்டு, திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் மனப்பயம் என்று ஒருவர் அனுபவிப்பதை யாரும் ஆசைப்பட்டு எடுக்கப் போவதில்லை. வேகமாக ஓடி விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போடுவதால் வேகமாக ஓடச் சொன்னதாக ஆகிவிடுமா? தவறியவனுக்குத் தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது என்று போதிக்கும் நாங்கள், ஆஸ்பத்திரியின் கதவை மட்டும் எப்படிப் பூட்டுவது? உயிரைப் பாதுகாப்பது ஷரீஆவின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்று ஆலிம்கள் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பிறருடைய குறையை மறைப்பதும் எங்கள் மார்க்கம் சொல்லித் தந்த பண்புதான். அந்தப் பண்பு இங்கே மிகவும் தேவை. யார் போனார், யாருக்கு மருந்து கொடுத்தார்கள் என்று ஊர் தேடாமல் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சில கோரிக்கைகள்.

ஆசிரிய நண்பர்களே, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் பாலியல் நோய்கள் பற்றிய பகுதி வரும்போது, "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கடந்து போகும் பழக்கம் பல பாடசாலைகளில் இருக்கிறது. அந்தப் பாடத்தில் 72 மணித்தியாலம் என்ற ஓர் எண்ணையாவது கரும்பலகையில் எழுதுங்கள். சாதாரண தர வகுப்போடு படிப்பை விடும் பிள்ளைக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்ல விரும்பினால் அப்படியே சொல்லுங்கள்.

ஆலிம்களே, பள்ளிவாயல் நிர்வாகிகளே, குத்பாவில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் ஒரு வருடம் கற்பிப்பதைவிட அது தூரம் போகும். ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒரு வைத்தியரைப் பேச விடுங்கள். பெண்கள் பயானில் ஒரு பெண் வைத்தியரையோ குடும்பநல மருத்துவமாதுவையோ அழையுங்கள். வன்புணர்வுச் சம்பவம் உங்களிடம் முதலில் வந்தால், விசாரிப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

சுகாதார அதிகாரிகளே, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகளில் முதல் நாள் குளிசையாவது இரவிலும் விடுமுறையிலும் கிடைப்பதை உறுதிப்படுத்துங்கள். அது எங்கே கிடைக்கும் என்பதைத் தமிழில் எழுதி அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் ஒட்டுங்கள். இந்த மருந்தைச் சமூக மட்டத்தில் இன்னும் அருகில் கொண்டுபோக வேண்டும், பயிற்சி பெற்ற மற்றச் சுகாதார ஊழியர்களும் கொடுக்கலாம் என்று 2024இல் உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. வாகரையிலிருந்தும் படுவான்கரையின் உட்கிராமங்களிலிருந்தும் மட்டக்களப்பு நகரத்துக்கு வர பஸ்ஸுக்கே அரை நாள் போகும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "என்ன நடந்தாலும் முதல்ல எங்களிட்ட வா, ஏசுறதெல்லாம் பிறகு பாப்பம்" என்று. நாய் கடித்து வரும்போது அப்படித்தானே செய்கிறோம்.

இந்தப் பதிவுக்கு லைக் போடப் பலருக்குத் தயக்கம் இருக்கும். பரவாயில்லை. கொமண்ட் எழுதவும் வேண்டாம். இது இன்று தேவைப்படுகிற ஒருவர் இதை இரவில் தனியாக இருந்து வாசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு மட்டும் ஒன்று சொல்கிறோம்: நேரத்தைக் கணக்குப் பாருங்கள், 72 மணித்தியாலம் ஆகவில்லையென்றால் விடியும் வரை இருக்க வேண்டாம், இப்போதே புறப்படுங்கள்.